கடற்கரையும் பாலாற்றங்கரையும்: இராயபுரம் தொடர்வண்டி நிலையமும் வேலூர் – ஆம்பூர் தோல் தொழில் வட்டாரமும்

ஆய்வுச் சுருக்கம்

தென்னிந்தியாவின் முதல் பயணிகள் தொடர்வண்டி 1856ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் சென்னை இராயபுரம் கடற்கரையிலிருந்து வாலாஜா சாலை எனும் அன்றைய ஆர்க்காடு நிலையத்தை நோக்கிப் புறப்பட்டது. இராயபுரம் நிலையம் குறித்த எழுத்துகள் பெரும்பாலும் அதன் கட்டடப் பழமையையே பேசுகின்றன. அந்நிலையம் ஏன் கடற்கரையில் அமைந்தது, அதன் மறுமுனை ஏன் பாலாற்றுப் பள்ளத்தாக்கில் அமைந்தது, தலைமை நிலையம் என்னும் தகுதியை அது எவ்வாறு இழந்தது ஆகிய மூன்று வினாக்களை இக்கட்டுரை ஆராய்கிறது. உள்நாட்டையும் கடலையும் இணைத்த பாதையின் ஒரு முனையாகக் கண்டால்தான் இந்நிலையத்தின் வரலாறு முழுமை பெறும் என்பதும், அப்பாதையின் மறுபாதி இன்றைய வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களின் வரலாற்றில் தேடப்பட வேண்டும் என்பதும் இக்கட்டுரையின் கருத்துகளாகும்.

திறவுச்சொற்கள்: இராயபுரம், வாலாஜா சாலை, மெட்ராஸ் இரயில்வே, பாலாறு, தோல் பதனிடுதல், ஆம்பூர், அணைக்கட்டு, சென்னைத் துறைமுகம், மரபுக் கட்டடம்.

முன்னுரை

இந்தியாவில் பயணிகளுக்கான தொடர்வண்டி முதன்முதலாக 1853ஆம் ஆண்டு ஏப்ரல் 16ஆம் நாள் பம்பாய்க்கும் தானேவுக்கும் இடையில் ஓடியது. அடுத்த ஆண்டு ஆகஸ்டு 15ஆம் நாள் ஹௌராவிலிருந்து ஹூக்ளி வரையிலான பாதை திறக்கப்பட்டது. மூன்றாவதாக அமைந்தது சென்னைப் பாதை. முதலிரு பாதைகளின் தொடக்க நிலையக் கட்டடங்கள் பிற்காலத்தில் மாற்றிக் கட்டப்பட்டுவிட்டன. ஆதலின் 1856இல் எழுந்த இராயபுரம் நிலையமே இந்தியாவில் எஞ்சியுள்ள மிகப் பழைய தொடர்வண்டி நிலையக் கட்டடம் எனக் குறிப்பிடப்படுகிறது. இப்பெருமை மீண்டும் மீண்டும் எடுத்துரைக்கப்படுகிறது. ஆயினும், அந்நிலையத்தை உருவாக்கிய பொருளியல் தேவைகளும், அதனால் மாற்றமுற்ற ஊர்களும், அதனைப் பின்னுக்குத் தள்ளிய காரணங்களும் அதே அளவில் ஆராயப்படவில்லை.

ஒரு நிலையம் தனித்து இயங்குவதன்று. அது ஒரு பாதையின் முனை. இராயபுரத்திலிருந்து புறப்பட்ட பாதை அரக்கோணம், சோளிங்கர் வழியாக வாலாஜா சாலையை அடைந்தது. பின்னர்க் காட்பாடி, குடியாத்தம், ஆம்பூர், வாணியம்பாடி எனப் பாலாற்றுப் பள்ளத்தாக்கின் வழியே மேற்கு நோக்கி நீண்டது. இவ்வூர்கள் பலவும் இன்று தோல் தொழிலால் அறியப்படுபவை. கடற்கரை நிலையத்தின் வரலாற்றை இவ்வுள்நாட்டு ஊர்களின் வரலாற்றோடு இணைத்துக் காண்பது அதனால் தேவையாகிறது.

நிலையத்திற்கு முந்தைய கடற்கரை

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை சென்னைக்கு முறையான துறைமுகம் இல்லை. கப்பல்கள் கரையிலிருந்து விலகி ஆழ்கடலில் நங்கூரமிட்டு நின்றன. பயணிகளும் சரக்குகளும் மசூலா படகுகளிலும் கட்டுமரங்களிலும் அலைகளைக் கடந்து கரை சேர்ந்தனர். இப்படகுகளைச் செலுத்திய மீனவரும் படகோட்டிகளும் வாழ்ந்த பகுதிகளுள் இராயபுரம் முதன்மையானது. இராயப்பர் எனத் தமிழில் வழங்கும் புனித பேதுருவின் பெயரே இவ்வூர்ப் பெயருக்கு அடிப்படை என்பர். அப்புனிதரின் பெயரில் படகோட்டிச் சமூகத்தார் எழுப்பிய தேவாலயம் இன்றும் அப்பகுதியில் உள்ளது. தொடர்வண்டி வருவதற்கு முன்பே இராயபுரம் கடல்வழிச் சரக்குப் போக்குவரத்தின் உழைப்பாளர் குடியிருப்பாக விளங்கியது என்பதை இதனால் அறியலாம்.

இருப்புப்பாதைத் தொழில்நுட்பமும் சென்னைக்குப் புதிதன்று. 1830களின் பிற்பகுதியில் செங்குன்றத்திலிருந்து சிந்தாதிரிப்பேட்டைக்குச் சாலைப் பணிகளுக்கான கல்லைக் கொண்டுவர ஓர் இருப்புப்பாதை அமைக்கப்பட்டது. அணைகளாலும் கால்வாய்களாலும் பின்னர்ப் புகழ்பெற்ற பொறியாளர் ஆர்தர் காட்டன் இம்முயற்சியோடு தொடர்புடையவர். அப்பாதை நீண்டகாலம் நிலைக்கவில்லை. எனினும், சென்னையில் இருப்புப்பாதை முதலில் பயன்பட்டது மனிதரை ஏற்றிச் செல்வதற்கன்று, சுமையை நகர்த்துவதற்கே என்னும் செய்தி பின்வரும் வரலாற்றுக்கும் பொருந்துவதாகும்.

நிறுவனமும் இடத்தேர்வும்

மெட்ராஸ் இரயில்வே நிறுவனத்தைத் தொடங்கும் முயற்சி 1845ஆம் ஆண்டிலேயே இலண்டனில் மேற்கொள்ளப்பட்டது. அது அப்போது நிறைவேறவில்லை. 1850களின் தொடக்கத்தில் நிறுவனம் மீண்டும் உருவாக்கப்பட்டது. முதலீட்டுக்குக் குறிப்பிட்ட விழுக்காட்டு வட்டியை அரசு உறுதிசெய்யும் ஏற்பாட்டின்கீழ் அது பணியைத் தொடங்கியது. பாதை இலாபம் ஈட்டினாலும் ஈட்டாவிட்டாலும் பங்குதாரருக்கு உரிய தொகை கிடைக்கும். குறைவுபடும் பகுதி இந்திய வருவாயிலிருந்து ஈடுசெய்யப்படும். ஆளுநர் தலைவர் டல்ஹௌசி 1853ஆம் ஆண்டு ஏப்ரலில் எழுதிய புகழ்பெற்ற குறிப்பு, இந்தியாவிற்கான இருப்புப்பாதைத் திட்டத்தைப் படை நகர்வு, வணிகம் ஆகிய இரு நோக்கங்களையும் முன்வைத்து வகுத்தது. சென்னையையும் மேற்குக் கடற்கரையையும் இணைக்கும் பாதை அத்திட்டத்தில் இடம்பெற்றது. அதே ஆண்டு ஜூன் மாதத்தில் சென்னைப் பாதையின் பணி தொடங்கியது.

தலைமை நிலையத்திற்கு இராயபுரம் தேர்ந்தெடுக்கப்பட்டதற்கான சூழலை அப்பகுதியின் நில அமைப்பைக் கொண்டு விளக்கலாம். முதலாவது, கடலின் அண்மை. தண்டவாளங்களும் இயந்திரங்களும் இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்து, அலைகளைக் கடந்து இக்கரையிலேயே இறக்கப்பட வேண்டியிருந்தன. பாதை இயங்கத் தொடங்கியபின் உள்நாட்டிலிருந்து வரும் ஏற்றுமதிப் பொருள்களும் இதே கரையில்தான் கப்பலேற வேண்டும். இரண்டாவது, கறுப்பர் நகரம் என அந்நாளில் அழைக்கப்பட்ட வணிகப் பகுதியின் நெருக்கம். இராயபுரம் அந்நகரத்தின் வடக்கு மதிலுக்கு வெளியே அமைந்திருந்தது. வணிகருக்கு எட்டும் தொலைவில் இருந்துகொண்டே நிலையத்திற்கும் சரக்கு முற்றத்திற்கும் தேவையான வெளியை அது அளித்தது. மூன்றாவது, அங்கிருந்து வண்ணாரப்பேட்டை வழியாகப் பெரம்பூரை அடைந்து மேற்கே திரும்ப ஏறத்தாழச் சமதளமான நிலம் இருந்தது. பெரம்பூரில் நிறுவனத்தின் தொழிற்கூடம் 1856ஆம் ஆண்டளவிலேயே தொடங்கப்பட்டது.

இம்மூன்றனுள் முதற்காரணமே முதன்மையானது. கோட்டையிலும் மவுண்ட் சாலைப் பகுதியிலும் வாழ்ந்த ஐரோப்பிய அதிகாரிகளுக்கு இராயபுரம் தொலைவானது. பயணிகளின் வசதியே அளவுகோலாக இருந்திருப்பின் நிலையம் தெற்கே அமைந்திருக்கும். பின்னாளில் இராயபுரத்தின் வீழ்ச்சிக்கு வழிவகுத்ததும் இக்குறையே.

1856: திறப்பு

நிலையத்தின் திறப்பு நாள் குறித்து இரு தேதிகள் வழங்குகின்றன. ஆளுநர் ஹாரிஸ் பிரபு 1856ஆம் ஆண்டு ஜூன் 28ஆம் நாள் நிலையத்தைத் திறந்துவைத்தார். பயணிகள் போக்குவரத்து ஜூலை முதல் நாள் தொடங்கியது. முன்னது கட்டடத்தின் தொடக்கம், பின்னது போக்குவரத்தின் தொடக்கம் என வேறுபடுத்திக் கொண்டால் முரண்பாடு நீங்கும். தொடக்க நாளில் வாலாஜா சாலை நோக்கி ஒரு வண்டியும் திருவள்ளூர் வரை மற்றொரு வண்டியும் இயக்கப்பட்டன. வண்டிப் பெட்டிகளைச் செய்தளித்தது சென்னையின் சிம்சன் நிறுவனமாகும். குதிரை வண்டிகளைச் செய்து பெயர்பெற்றிருந்த அந்நிறுவனம் புதிய ஊர்திக்கும் பெட்டி செய்தது என்பது இருவேறு போக்குவரத்துக் காலங்கள் சந்தித்த இடத்தைக் காட்டுகிறது.

செவ்வியல் பாணியில் அமைந்த கட்டடத்தின் முகப்பை அயோனியத் தூண்கள் அணிசெய்தன. பிற்காலத்தில் சென்னையில் எழுந்த சென்ட்ரல், எழும்பூர் நிலையங்களின் கோபுரங்களும் வளைவுகளும் இந்தோ-சாரசெனிய வகைக் கலப்பைக் காட்டுபவை. இராயபுரமோ அவற்றுக்கு முந்தைய, கிழக்கிந்தியக் கம்பெனிக் காலப் பொதுக்கட்டடங்களின் தோற்றத்தை உடையது. கம்பெனி ஆட்சி முடிவுறுவதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன் எழுந்த கட்டடம் என்னும் நிலையில் இவ்வேறுபாடு கருதத்தக்கது.

இப்பாதையின் தலைமைப் பொறியாளராக 1853 முதல் பணியாற்றியவர் ஜார்ஜ் பார்க்ளே புரூஸ். கட்டாய உழைப்பைத் தவிர்த்துக் கூலிக்கு அமர்த்திய தொழிலாளரைக் கொண்டு பணியை நடத்தியவர் என அவர் குறிப்பிடப்படுகிறார். பொதுப்பணிகளில் கட்டாய உழைப்பு வழக்கிலிருந்த காலத்தில் இது குறிப்பிடத்தக்க மாற்றம். ஆயினும் மண் சுமந்து கரை எழுப்பிய அத்தொழிலாளரின் பெயர்கள் திறப்பு விழா வரலாற்றில் இடம்பெறவில்லை.

ஆர்க்காடு எனும் மறுமுனை

இராயபுரத்திலிருந்து ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவில் அமைந்த மறுமுனை ஆர்க்காடு எனப் பெயரிடப்பட்டது. ஆனால் ஆர்க்காடு நகரம் பாலாற்றின் தென்கரையில் உள்ளது. நிலையமோ வடகரையில் வாலாஜாபேட்டைக்கு அருகில் அமைந்தது. அதுவே இன்றைய வாலாஜா சாலைச் சந்திப்பு. ஆர்க்காடு நவாபின் தலைநகரம் என்பதால் அங்கே பாதை அமைக்கப்பட்டது என்னும் விளக்கம் பரவலாக உள்ளது. இவ்விளக்கம் ஏற்கத்தக்கதன்று. நவாபுகள் பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே சென்னைச் சேப்பாக்கத்தில் குடியேறிவிட்டனர். 1855ஆம் ஆண்டில் கடைசி நவாப் வாரிசின்றி இறந்தபின் அப்பட்டமும் நீக்கப்பட்டது. முதல் வண்டி ஓடிய காலத்தில் ஆர்க்காடு ஒரு பழைய தலைநகரின் பெயர் மட்டுமே.

உண்மைக் காரணங்களை வேறிடத்தில் தேட வேண்டும். இராணிப்பேட்டையில் குதிரைப்படை முகாம் இருந்தது. வேலூர்க் கோட்டை கம்பெனியின் முதன்மையான படைத்தளங்களுள் ஒன்று. 1806ஆம் ஆண்டு ஜூலை 10ஆம் நாள் அக்கோட்டையில் வெடித்த சிப்பாய்க் கிளர்ச்சியின்போது ஆர்க்காட்டிலிருந்த குதிரைப்படை விரைந்து வந்தே அதனை அடக்கியது. அந்நிகழ்வுக்குச் சரியாக அரை நூற்றாண்டு கழித்துச் சென்னையையும் அதே பகுதியையும் தொடர்வண்டி இணைத்தது. இவ்விரு நிகழ்வுகளுக்கும் நேரடித் தொடர்பு கற்பிக்க வேண்டியதில்லை. ஆனால் படையை விரைந்து நகர்த்துவது இருப்புப்பாதைக் கொள்கையின் வெளிப்படையான நோக்கங்களுள் ஒன்றாக இருந்தது என்பதை நினைவிற்கொள்ளுதல் வேண்டும். மேலும், பெங்களூருக்கும் சேலம், கோயம்புத்தூர்ப் பகுதிகளுக்கும் செல்லும் இயற்கையான வழி பாலாற்றுப் பள்ளத்தாக்கே. ஆகவே ஆர்க்காடு முடிவிடமாக அன்று, மேற்கு நோக்கிய நெடும்பாதையின் முதற்கட்டமாகவே தேர்ந்தெடுக்கப்பட்டது.

பாதை அடுத்த சில ஆண்டுகளில் படிப்படியாக நீண்டு, 1862ஆம் ஆண்டில் மேற்குக் கடற்கரையிலுள்ள பேப்பூர் வரை முழுமை பெற்றது. 1864இல் சோலையார்பேட்டையிலிருந்து பெங்களூருக்குக் கிளைப்பாதை திறக்கப்பட்டது. அரக்கோணத்திலிருந்து வடமேற்கே சென்ற பாதை 1871இல் இராய்ச்சூரை அடைந்து பம்பாய்ப் பாதையோடு இணைந்தது. இராயபுரம் இவ்வாறு பதினைந்து ஆண்டுகளுக்குள் மேற்குக் கடற்கரை, மைசூர், தக்காணம் ஆகிய மூன்று நிலப்பகுதிகளின் கிழக்கு வாயிலாயிற்று.

பாலாற்றின் வடகரையைத் தழுவிச் சென்றதால் முதன்மைப் பாதை வேலூர் நகரத்தைத் தொடவில்லை. ஆற்றுக்கு அப்பாலிருந்த காட்பாடியே வேலூரின் நிலையமாயிற்று. விழுப்புரத்திலிருந்து வேலூர் வழியாகக் காட்பாடிக்கு வந்த மீட்டர் பாதை 1891இல்தான் அமைந்தது. வேலூருக்குத் தென்மேற்கே உள்ள அணைக்கட்டு போன்ற ஊர்கள் பாதைக்கு வெளியிலேயே நின்றன. அணையைக் குறிக்கும் இத்தமிழ்ச்சொல் ‘அனிகட்’ என ஆங்கிலத்தில் கலந்து, நாடெங்கும் நீர்ப்பாசனப் பொறியியலின் கலைச்சொல்லாயிற்று. ஆனால் அப்பெயரைத் தாங்கிய ஊருக்குத் தொடர்வண்டி வரவில்லை. இத்தகைய ஊர்களுக்கு மாட்டுவண்டியே நிலையம் வரையிலான இணைப்பாக நீடித்தது. தொடர்வண்டி மாட்டுவண்டியை ஒழித்துவிடவில்லை; நெடுந்தொலைவிலிருந்து விலக்கி, நிலையத்தைச் சுற்றிய குறுந்தொலைவில் அதற்குப் புதிய வேலையை அளித்தது.

தோலும் தொடர்வண்டியும்

வேலூர் – ஆம்பூர் வட்டாரத்தில் தோல் பதனிடுதல் வளர்ந்ததற்கு இயற்கைச் சூழல் அடிப்படைக் காரணம். தோலை ஊறவைக்கவும், சுண்ணாம்புக் குழியில் இட்டு மயிர் களையவும், பின்னர்க் கழுவவும் மிகுந்த நீர் தேவை. பாலாறு ஆண்டின் பெரும்பகுதி வறண்ட மணலாகக் காட்சியளித்தாலும் அதன் மணற்படுகைக்குக் கீழே நீர் இருந்தது. ஆற்றோரக் கிணறுகள் அந்நீரை அளித்தன. தோலைப் பதப்படுத்தும் துவர்ப்புப் பொருள் ஆவாரம்பட்டையிலிருந்து கிடைத்தது. ஆவாரை தமிழகத்தின் வறண்ட புறம்போக்கு நிலங்களில் தானாக வளரும் செடி. ஆவாரம்பட்டையில் பதனிட்டு, கடுக்காய் நீரில் தோய்த்து, எண்ணெய் பூசி உலர்த்திய மாட்டுத்தோல் ‘கிழக்கிந்தியக் கிப்’ எனும் பெயரில் இலண்டன் சந்தையில் அறியப்பட்டது. அரைகுறையாகப் பதனிட்ட இத்தோல் அங்கே இறுதி மெருகு பெற்றது.

இவ்வளங்கள் தொடர்வண்டிக்கு முன்பும் இருந்தவை. திண்டுக்கல், திருச்சிராப்பள்ளி, பல்லாவரம் ஆகிய இடங்களிலும் தோல் தொழில் வளர்ந்தது. எனவே பாலாற்று வட்டாரத் தோல் தொழிலைத் தொடர்வண்டியே தோற்றுவித்தது எனல் பொருந்தாது. ஆனால் அத்தொழிலின் அளவையும் எல்லையையும் பாதை மாற்றியது. பச்சைத்தோல் விரைவில் அழுகும் இயல்பினது; உப்பிட்டாலும் நெடுநாள் தாங்காது. வண்டிப்பாதைக் காலத்தில் அருகிலுள்ள சந்தைகளின் தோலையே தொழிற்கூடங்கள் நம்பியிருந்தன. இருப்புப்பாதைப் பின்னல் விரிந்தபின் தக்காணத்திலிருந்தும் வட இந்தியாவிலிருந்தும்கூடப் பச்சைத்தோல் சென்னை மாகாணத்தின் தொழிற்கூடங்களுக்கு வந்தது. பதனிட்ட தோல் அதே பாதையில் சென்னைக்குச் சென்றது. ஒரே பாதை மூலப்பொருளைக் கொணர்வதற்கும் விளைபொருளைக் கொண்டுசெல்வதற்கும் பயன்பட்டதால், நிலையத்தை ஒட்டிய ஊர்கள் உள்ளூர்ச் சந்தையின் வரம்பைக் கடந்து வளர முடிந்தது.

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம், இராணிப்பேட்டை ஆகிய ஊர்களின் முசுலிம் வணிகர்கள் இத்தொழிலில் முதன்மை பெற்றனர். தோல் வணிகத்தின் செல்வம் பள்ளிகளாகவும் கல்லூரிகளாகவும் உருப்பெற்றது. 1919ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட வாணியம்பாடி இசுலாமியாக் கல்லூரி அதற்குச் சான்று. தொழிற்கூடங்களின் குழிகளில் இறங்கி வேலைசெய்தோரில் பெரும்பாலோர் ஒடுக்கப்பட்ட சாதியினர். அவர்களது உழைப்பின் வரலாறு வணிகரின் வரலாற்றைவிடக் குறைவாகவே எழுதப்பட்டுள்ளது.

முதல் உலகப் போரின்போது பிரித்தானியப் படையினரின் காலணிகளுக்காகச் சென்னைத் தோல் பெருமளவில் அரசால் கொள்முதல் செய்யப்பட்டது. போர்த்தேவை தொழிலை உச்சத்திற்குக் கொண்டுசென்றது. 1903ஆம் ஆண்டளவில் ஆல்பிரட் சாட்டர்ட்டன் சென்னையில் தொடங்கிய குரோம் பதனிடும் சோதனைகளும், 1915ஆம் ஆண்டு சென்னையில் தொடங்கப்பட்ட தோல் தொழிற் பயிற்சி நிறுவனமும், 1948இல் அடையாற்றில் நிறுவப்பட்ட மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனமும் இத்தொழிலின் அறிவுத்தளத்தைச் சென்னையில் நிலைநிறுத்தின. கடற்கரை நகரமும் பாலாற்றுப் பள்ளத்தாக்கும் ஒரே தொழிலின் இரு பகுதிகளாக இயங்கின.

பஞ்சமும் புலம்பெயர்வும்

பாதையின் மற்றொரு முகத்தை 1876 – 78ஆம் ஆண்டுகளின் பெரும்பஞ்சம் வெளிப்படுத்தியது. வட ஆர்க்காடும் சேலமும் கடுமையாகப் பாதிக்கப்பட்ட மாவட்டங்களுள் அடங்கும். கடல்வழியாக வந்த தானியம் சென்னைக் கடற்கரையில் குவிக்கப்பட்டு, தொடர்வண்டியில் உள்நாட்டிற்கு அனுப்பப்பட்டது. வழக்கமாக உள்நாட்டிலிருந்து கடலுக்கு ஓடிய சரக்கின் திசை இக்காலத்தில் தலைகீழாயிற்று. இருப்புப்பாதை இல்லையெனில் இழப்பு இன்னும் பெரிதாகியிருக்கும் என்பது ஒரு வாதம். பாதை இருந்தும் இலட்சக்கணக்கானோர் மாண்டனர் என்பது மறுக்கவியலாத உண்மை. தானியம் நிலையத்தை வந்தடைவதும், அதனை வாங்கும் ஆற்றல் மக்களிடம் இருப்பதும் இருவேறு செய்திகள். நிலையங்களிலிருந்து விலகிய ஊர்களுக்குத் தானியத்தைக் கொண்டுசெல்ல வேண்டிய மாடுகளும் பஞ்சத்தில் இறந்துகொண்டிருந்தன. பஞ்ச ஆண்டுகளில் இறந்த கால்நடைகளின் தோல் மிகுதியாகச் சந்தைக்கு வந்தது என்பது தோல் வணிக வரலாற்றின் துயரமான பகுதியாகும். உழவரின் இழப்பு ஏற்றுமதிக் கணக்கில் வளர்ச்சியாகப் பதிவாயிற்று.

இதே நிலப்பகுதியிலிருந்து மனிதரும் கடல் கடந்தனர். ஒப்பந்தத் தொழிலாளரை ஏற்றிய ‘துரூரோ’ எனும் கப்பல் 1860ஆம் ஆண்டு அக்டோபரில் சென்னையிலிருந்து புறப்பட்டு, நவம்பர் 16ஆம் நாள் தென்னாப்பிரிக்காவின் டர்பனை அடைந்தது. அதனைத் தொடர்ந்து நேட்டாலுக்குச் சென்ற தமிழ்த் தொழிலாளரின் பதிவேடுகளில் வட ஆர்க்காடு மாவட்டத்து ஊர்கள் மிகுதியாக இடம்பெறுகின்றன. அம்மாவட்டத்தைச் சென்னையோடு இணைத்த பாதை அப்போது நான்கு ஆண்டுகள் பழமையானது. தோலும் தானியமும் கணக்கேடுகளில் எடையாகப் பதிவாயின. இம்மக்கள் எண்களாகப் பதிவாயினர். இருவகைப் பதிவேடுகளையும் இணைத்து ஆராய்வது பாலாற்று வட்டார வரலாற்றுக்கு இன்றியமையாதது.

தலைமையிடத்தின் இழப்பு

இராயபுரத்தின் முதன்மை நிலைக்கு முதல் மாற்று 1873ஆம் ஆண்டில் பார்க் டவுனில் எழுந்த சென்ட்ரல் நிலையம். வணிகப் பகுதிக்கும் கோட்டைக்கும் மவுண்ட் சாலைக்கும் அது நெருக்கமானது. அதன் அருகிலுள்ள பெரியமேடு தோல் மண்டிகளின் இடமாயிற்று. பதனிட்ட தோல் கப்பலேறுவதற்கு முன் தரம் பிரித்து விலைபேசப்படும் இடம் கடற்கரையில் அமையாமல் சென்ட்ரலை ஒட்டி அமைந்தமை, நகரின் வணிகம் எத்திசையில் ஈர்க்கப்பட்டது என்பதைத் தெளிவாகக் காட்டுகிறது.

இரண்டாவது மாற்று துறைமுகத்தால் விளைந்தது. 1861ஆம் ஆண்டில் கடலுக்குள் இரும்புத் தூண்களின்மேல் பாலம் அமைக்கப்பட்டது. 1875ஆம் ஆண்டில் வேல்சு இளவரசர் துறைமுகத்திற்கு அடிக்கல் நாட்டினார். 1881ஆம் ஆண்டின் புயல் முற்றுப்பெறும் நிலையிலிருந்த அலைதடுப்புச் சுவர்களைச் சிதைத்தது. பணி மீண்டும் தொடங்கிப் பல ஆண்டுகள் நீடித்தது. 1904ஆம் ஆண்டில் துறைமுகப் பொறுப்பேற்ற பிரான்சிசு இசுபிரிங் இருப்புப்பாதைப் பொறியாளராகப் பணியாற்றியவர். கப்பலையும் சரக்கு வண்டியையும் ஒரே முற்றத்தில் சந்திக்கச் செய்யும் அமைப்பு அவர் காலத்தில் வலுப்பெற்றது. கரையோரப் பாதை தெற்கே நீண்டு துறைமுகத்தை அடைந்தபின், சரக்கு இராயபுரத்தில் நிற்க வேண்டிய தேவை குறைந்தது.

பயணிகளைச் சென்ட்ரலும் சரக்கைத் துறைமுகமும் ஈர்த்துக்கொண்டன. கடலுக்கு அருகில் என்பதே இராயபுரத்தின் தகுதியாக இருந்தது. கடல்வழி வணிகம் திறந்த கரையிலிருந்து சுவர் சூழ்ந்த துறைமுகத்திற்கு மாறியபோது அத்தகுதியும் இடம்பெயர்ந்தது. 1908ஆம் ஆண்டில் மெட்ராஸ் இரயில்வே, தென் மராட்டா இரயில்வேயுடன் இணைந்தது. 1922இல் புதிய நிறுவனத்தின் தலைமையகம் சென்ட்ரலுக்கு அருகில் எழுந்த பெருங்கட்டடத்தில் அமைந்தது. இன்று அது தெற்கு இரயில்வேயின் தலைமையகம்.

மின்தொடர்வண்டியும் கடற்கரை நிலையமும்

இராயபுரத்திற்குத் தெற்கே துறைமுகத்தை ஒட்டி அமைந்த கடற்கரை நிலையம் இருபதாம் நூற்றாண்டில் வேறொரு பணியை ஏற்றது. கடற்கரைக்கும் தாம்பரத்திற்கும் இடையிலான மீட்டர் பாதை 1931ஆம் ஆண்டில் மின்மயமாக்கப்பட்டு, மே 11ஆம் நாள் புறநகர்ச் சேவை தொடங்கியது. அலுவலகங்களும் வங்கிகளும் நிறைந்த கடற்கரைச் சாலைக்கு நாள்தோறும் வந்து திரும்பும் பயணி என்னும் புதிய வகையினரை அது உருவாக்கியது. பல்லாவரம், குரோம்பேட்டை ஆகிய தோல் தொழில் சார்ந்த இடங்களும் இப்பாதையில்தான் உள்ளன. 1995ஆம் ஆண்டு நவம்பரில் கடற்கரையிலிருந்து சேப்பாக்கம் வரை பறக்கும் தொடர்வண்டி ஓடத் தொடங்கியது. கடற்கரை நிலையத்தின் வரலாறு ஊழியரின் அன்றாடப் பயண வரலாறு. இராயபுரத்தின் வரலாறோ உள்நாட்டு விளைபொருளின் வரலாறு. இரண்டும் ஒரே கரையில் அமைந்திருப்பினும் வேறுபட்ட காலங்களின் தேவையைக் காட்டுவன.

பாலாற்று வட்டாரத்திலும் மாற்றங்கள் நிகழ்ந்தன. 1970களில் அரைப்பதனிட்ட தோலின் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தி, முழுமையாக மெருகிட்ட தோலையும் தோற்பொருள்களையும் ஊக்குவிக்கும் கொள்கையை அரசு மேற்கொண்டது. ஆம்பூர் காலணித் தொழில் நகரமாக வளர்ந்தது. 1983ஆம் ஆண்டில் சென்னைத் துறைமுகத்தில் சரக்குப் பெட்டக முனையம் தொடங்கப்பட்டது. பெட்டகங்கள் நெடுஞ்சாலை வழியே துறைமுகத்தை அடைந்தன. குரோம் பதனிடுதலின் கழிவுநீர் பாலாற்றின் நிலத்தடி நீரைக் கெடுத்தது. வேலூர்க் குடிமக்கள் நலமன்றம் தொடுத்த வழக்கில் 1996ஆம் ஆண்டு ஆகஸ்டு 28ஆம் நாள் உச்ச நீதிமன்றம், மாசுபடுத்துவோரே ஈடுசெய்ய வேண்டும் என்னும் கோட்பாட்டை நிலைநாட்டித் தீர்ப்பளித்தது. இவ்வட்டாரத்தில் தோல் தொழில் வேரூன்றக் காரணமான நீரே அத்தொழிலுக்கு விலையாகக் கொடுக்கப்பட்டது.

மரபுக் கட்டடமும் மறக்கப்பட்ட பாதையும்

நெடுங்காலம் பராமரிப்பின்றி இருந்த இராயபுரம் நிலையக் கட்டடம் 2005ஆம் ஆண்டில் புதுப்பிக்கப்பட்டது. இன்று புறநகர் வண்டிகள் அங்கே நின்று செல்கின்றன. அதனை மீண்டும் பெருமுனையமாக வளர்க்க வேண்டும் என்னும் கோரிக்கை வடசென்னை மக்களால் பலகாலமாக எழுப்பப்படுகிறது. மரபுக் காப்பும் முனைய விரிவாக்கமும் ஒன்றுக்கொன்று எதிரானவையாகவே பெரும்பாலும் பேசப்படுகின்றன. பழைய கட்டடத்தைத் தூண்களும் சுவர்களும் மட்டுமாகக் கருதுவதால் எழும் எதிர்நிலை இது. இராயபுரத்தின் மரபு அதன் பயன்பாட்டில் உள்ளது. வண்டி வந்து செல்லும் நிலையமாக அது நீடிப்பதும் மரபுக் காப்பின் பகுதியே.

இரண்டாவதாக, பழமை பற்றிய பேச்சு இராயபுரத்தோடு நின்றுவிடுகிறது. ஒரு பாதையின் தொடக்க நாள் அதன் இரு முனைகளுக்கும் பொதுவானது. 1856ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் வாலாஜா சாலைக்கும் உரிய நாள். பாலாற்று வட்டாரக் கல்லூரிகளின் வரலாற்றுத் துறைகள் நிலையக் குறிப்புகள், சரக்குப் பதிவுகள், தோல் மண்டிக் கணக்கேடுகள், முதிய தொழிலாளரின் வாய்மொழிச் செய்திகள் ஆகியவற்றைத் திரட்டும் பணியை மேற்கொண்டால் இவ்வரலாற்றின் மறுபாதி துலங்கும். சுண்ணாம்புக் குழிகளில் உழைத்த தலைமுறையினரும் மண்டிச் சுமை தூக்கியோரும் மறைந்து வருவதால் வாய்மொழித் தரவுகளைத் திரட்டும் பணி காலம் தாழ்த்தத்தக்கதன்று.

முடிவுரை

இராயபுரம் நிலையம் கடற்கரையில் அமைந்தது, துறைமுகமில்லாத சென்னையில் சரக்கு கரையேறிய இடம் அதுவாக இருந்ததால். அதன் மறுமுனை ஆர்க்காட்டில் அமைந்தது, நவாபின் பெருமையால் அன்று, படை நகர்வுக்கும் மேற்கு நோக்கிய பாதைக்கும் பாலாற்றுப் பள்ளத்தாக்கு வழியாக இருந்ததால். துறைமுகம் எழுந்து கடல்வணிகத்தின் இடம் மாறியதும், நகரின் மையத்தில் சென்ட்ரல் தோன்றியதும் அதன் முதன்மையை நீக்கின. ஆகவே அதன் எழுச்சியையும் வீழ்ச்சியையும் கடலுக்கும் உள்நாட்டுக்கும் இடையிலான உறவின் மாற்றங்களாகக் கொள்ளலாம்.

அப்பாதை தோலையும் தானியத்தையும் படையையும் பிழைப்புத் தேடிய மக்களையும் சுமந்தது. ஆம்பூரும் வாணியம்பாடியும் அதனால் உலகச் சந்தையோடு இணைந்தன. அணைக்கட்டு போன்ற ஊர்கள் வண்டிச் சாலையின் மறுமுனையில் நின்று அதில் பங்கேற்றன. இராயபுரத்தின் தூண்களைப் பேணும் அக்கறை, அத்தூண்களுக்கு அப்பால் நீண்ட தண்டவாளங்களின் வரலாற்றையும் பேணுமாயின் தென்னிந்தியாவின் முதல் தொடர்வண்டி வரலாறு ஒரு கட்டடத்தின் வயதுக் கணக்காகச் சுருங்காமல், ஒரு நிலப்பகுதி மக்களின் வரலாறாக விரியும்.